அரை மூச்சு

பஸ் படிக்கட்டில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு காற்றோடு சிரித்துப் போன என் அண்ணனுக்கு,

தனம் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறோம்.

நீ போன பிறகு நம் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. நம் காஜா பேராங் தெருக் கடைகளிலெல்லாம் அன்றைக்குப் புதுக் கொடி. பக்கத்துக் காதர் மாமா தன் துணிக்கடை வாசலில் ஒரு அண்டா நிறைய ரோஜா சர்பத் கலக்கி வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுத்தார். என் கையிலும் ஒரு கிளாஸைத் திணித்துவிட்டு, "மருமவன் இருந்திருந்தா இந்நேரம் கத்திக் கத்தித் தொண்டை கிழிஞ்சிருக்கும்" என்றார். சொன்ன பிறகுதான் தொண்டை என்ற சொல் அவருக்கு உறைத்தது. அண்டாவை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குள்ளே போய்விட்டார். உன் தொண்டையில் போட்ட ஓட்டையை அவரும் ஒன்பது நாள் பார்த்தவர்தானே.

பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திர நாளை அறிவித்த அன்று நீ கத்திய கத்தலை நினைத்துக்கொண்டேன். மறுநாள் உனக்குக் குரலே இல்லை. பஸ் கண்டக்டர் நீ, குரல் போனால் என்ன செய்வாய் என்று அம்மா கவலைப்பட்டாள். நீ ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாய்: 'ஒரு மணி, நில். ரெண்டு மணி, போ. இதுக்கு எதுக்கு வாய்?' மணிக்கயிற்றை மட்டும் வைத்துக்கொண்டு அன்று முழுக்க செங் ஊர்வரைக்கும் பஸ்ஸில் போய் வந்தாய். ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோதும் அதே விளையாட்டு. தட்டில் விரலால் ஒரு தட்டு என்றால் போதும், இரண்டு தட்டு என்றால் இன்னும் போடு. அண்ணி ஒரு தட்டுக்கே கரண்டியை நிறுத்தினாள். அம்மா நிறுத்தவில்லை. நீ ஒரு தரம், ஒரு தரம், ஒரு தரம் என்று தட்டிக்கொண்டே இருந்தாய். அம்மா போட்டுக்கொண்டே இருந்தாள். "எந்தப் புள்ள போதும்னு சொல்லும்? நாமதான் பாத்துப் போடணும்" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பை இப்போது என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆஸ்பத்திரியில் நீ மேலே பார்த்தபடியே கிடந்தாய். கூரையும் காற்றாடியும் குனிந்த முகங்களும்தான் உனக்குத் தெரிந்திருக்கும். கட்டிலின் பக்கத்தில் நடந்தது பலவும் உனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரியவேண்டும்.

வெள்ளிக்கிழமை உனக்குக் கால் அசையவில்லை. மறுநாள் கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருமக்கூட முடியவில்லை. இளம்பிள்ளை வாதம் என்று டாக்டர் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "அது கொழந்தைக்கு வர்றதுல்ல? இவனுக்குக் கல்யாணமாயி வருசம் ரெண்டாவுதே" என்றாள். டாக்டர் சின்ன வயதுக்காரர், பினாங்குத் தமிழர். பொறுமையாகச் சொன்னார். "அம்மா, பெரியவங்களுக்கும் வரும். நெஞ்சுத் தசைக்கு மூச்சு இழுக்கச் சக்தி இல்ல. ஆனா நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. நாம வெளியில இருந்து காத்தைக் குடுத்துக்கிட்டே இருந்தா, ரெண்டு மூணு வாரத்துல தசை திரும்பினாலும் திரும்பலாம்."

நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள், அண்ணே. நான் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூச்சு விடவைக்கும் இரும்புப் பெட்டி எங்கேயோ தூரத்து ஊரில் இருந்தது. போகிற வழி நீ தாங்கமாட்டாய் என்றார்கள். அதனால் உன் தொண்டையில் ஓட்டை போட்டு, குழாய் வைத்து, ஒரு ரப்பர் பையை மாட்டினார்கள். பையை அமுக்கினால் உன் நெஞ்சு ஏறும். விட்டால் இறங்கும். இரவும் பகலும் யாராவது அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் அத்தனை கை இல்லை. அம்மா, அண்ணி, நான், காதர் மாமா என்று முறை போட்டுக்கொண்டோம். இடையிடையே நர்ஸ் மிஸ்ஸிகளும் வந்து மாற்றிவிட்டார்கள். "மருமவனே, டிக்கெட் எடுக்காம இத்தன பேரு ஒன் நெஞ்சுல ஏறியிருக்கோம். விசில் அடிச்சு எறக்கிவிடேன் பாப்போம்" என்று காதர் மாமா சொன்னபோது உன் கண் சிரித்தது. உனக்கு அசைந்தது கண் மட்டும்தான்.

பைக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. அதில் வளைந்த கண்ணாடிக் குழாய், குழாயில் சிவப்பு மை கலந்த தண்ணீர், ஓரமாக வரிசையாகக் கோடுகள். எவ்வளவு பலமாக அமுக்குகிறோமோ அவ்வளவு உயரம் தண்ணீர் ஏறும். உன் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு டேப். அது காதர் மாமா தன் கடையிலிருந்து கொண்டுவந்தது. "ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு ஒரு இஞ்சு விரியணும். அதுக்குக் குறையக்கூடாது" என்றார் டாக்டர். குறையக்கூடாது என்றார். கூடக்கூடாது என்று சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. மூச்சு கூடினால் கெடுதி என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நான் கணக்கு டீச்சர் என்று தெரிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு முறை கை மாறும்போதும் முதல் அமுக்கலை மட்டும் சரியாக ஒரு இஞ்சோடு நிறுத்தி, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுதவேண்டும். பிறகு யார் அமுக்குகிறார்கள், நெஞ்சு எவ்வளவு விரிகிறது என்றும் எழுதவேண்டும். அம்மாவுக்கு அ, அண்ணியின் அஞ்சலை என்ற பெயரில் இருந்து ஞ்ச, காதர் மாமாவுக்குக் கா, எனக்குத் த. என் கைப்பையில் பள்ளிக்கூடத்துச் சிவப்பு பென்சில் இருந்தது. ஒரு இஞ்சுக்குக் குறைந்த இடத்திலெல்லாம் அதனால் கோடு இழுத்தேன். யாரும் கேட்கவில்லை. தப்பான விடையைக் கண்டால் என் கை தானாகவே செய்யும் வேலை அது.

நாலாம் நாள்வரை எல்லாச் சிவப்புக் கோடும் அண்ணியின் பெயருக்கு நேரேதான் இருந்தது.

அன்று மத்தியானம் அண்ணியின் முறை. சின்னச் சின்னதாக, கொஞ்சம் விரைவாக அமுக்கிக்கொண்டிருந்தாள். டேப் முக்கால் இஞ்சு வரைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு அடுக்கோடு வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி இது அமுக்கு? எலிக்குஞ்சுக்கா மூச்சு குடுக்கிற?"

"அவருதான் போதும்ங்கிறாரு அத்தை."

"யாரு? அவன் வாயத் தொறந்தானா?"

"கண்ணை ஒரு தரம் மூடுறாரு. ஒரு தரம்னா போதும், ரெண்டு தரம்னா போ. பஸ் மணி மாதிரி. நீங்களே பாருங்களேன்."

அம்மா குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். நீ கண்ணை மூடித் திறந்தாய். ஒரு தரம்.

"ஐயோ, எம் புள்ளைக்குக் கண்ணு சொருகுதுடி! மூச்சு பத்தாம இருட்டிக்கிட்டு வருது. எந்தப் புள்ளடி மூச்சு போதும்னு சொல்லும்?"

"தங்கச்சி, சத்தம் போடாத. ஆஸ்பத்திரி இது" என்று அம்மாவை அடக்கினார் பக்கத்தில் இருந்த காதர் மாமா. பிறகு அண்ணி பக்கம் திரும்பி, "நீயும் கொஞ்சம் கை நெறயக் குடும்மா. காத்துக்கு என்னா ரேஷனா?" என்றார்.

அண்ணி பையை விடாமலே பதில் சொன்னாள். "ரப்பர் மரத்தையே ஆழமா வெட்டக்கூடாதும்பாங்க மாமா. அன்னிக்குப் பால் கூடுதலா வரும். உள்ள புண்ணாயிருச்சுன்னா அப்புறம் அந்த எடத்துல பாலே வராது. வேலை வாங்குற மண்டோர் ஏசி ஏசி எங் கை இப்படித்தான் பழகியிருக்கு."

"எம் புள்ள என்னா ஒங்க தோட்டத்துப் பால்மரமாடி?" அம்மா என்னைப் பார்த்தாள். "படிச்சவ நீ சொல்லு. ஒங் காயிதத்துல என்னா இருக்கு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். "அண்ணி முறையில ஒரு தடவைகூட ஒரு இஞ்சு வரல" என்றேன்.

அது உண்மை. உண்மையைத்தான் சொன்னேன், அண்ணே. சொல்லிவிட்டு எழுந்து போய் அண்ணியின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டேன். பிடித்து இழுக்கவில்லை. அவளே விட்டுவிட்டாள். ஆனால் பை இல்லாத பிறகும் அவள் விரல்கள் அதே வளைவில் சற்று நேரம் நின்றன. நான் அமுக்கினேன். டேப் ஒரு இஞ்சைத் தாண்டி இன்னும் கால் இஞ்சு போனது. நீ கண்ணை மூடினாய். ஒரு தரம். ஓரத்தில் நீர் வழிந்தது. "பாத்தியா, இப்பத்தான் எம் புள்ளைக்கு உசிரு வந்திருக்கு" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அண்ணி பையைத் தொடவே இல்லை. உன் காலடியில் உட்கார்ந்து, அசைவில்லாத உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

ஐந்தாம் நாளிலிருந்து தண்ணீர் ஏற ஆரம்பித்தது. அதே ஒரு இஞ்சு விரிய முன்பைவிட ஒரு கோடு, பிறகு இரண்டு கோடு உயரம் வேண்டியிருந்தது. உன் நெஞ்சு விறைத்துக்கொண்டே வந்தது. குழாயில் இளஞ்சிவப்பு நுரை வந்தது. நாங்கள் என்ன செய்வோம்? இன்னும் பலமாக அமுக்கினோம். துணிப் பொதி தூக்கிப் பழகிய காதர் மாமாவே இரண்டு கையாலும் அமுக்கவேண்டி வந்தது. என் நோட்டில் சிவப்புக் கோடே இல்லை. எல்லாரும் ஒரு இஞ்சுக்கு மேலேயே கொடுத்தோம். ஒன்பதாம் நாள் காலையில், அம்மாவின் முறையில், தண்ணீர் பலகையின் கடைசிக் கோட்டுக்கு ஏறிவிட்டது. நெஞ்சு ஏறவில்லை.

நுரையீரல் முழுக்க அழற்சி என்றார் டாக்டர். நிமோனியாவாக இருக்கும் என்றார்.

உன் சாம்பலைத் தெங்கேரா கடலில் கரைத்துவிட்டு வந்தோம். அன்றைக்கே வீட்டுக்கு வந்த பெண்கள் அண்ணிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அரை மூச்சுக்காரி. முதலில் அதைச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. எங்கிருந்து பிறந்தது என்று தெரியும். "புருசனுக்கு அரை மூச்சு குடுத்தவ, நமக்கு அரைச் சோறு போடமாட்டாளா?" என்று ஒருத்தி சொல்லி, துக்க வீட்டில் சிரிப்புகூட வந்தது. அம்மா தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

பதினாறு முடிந்ததும் அண்ணியின் அப்பா செங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து அவளை அழைத்துப் போனார். தகரப் பெட்டியை அவர் தூக்கிக்கொண்டார். வாசல்வரை போன அண்ணி திரும்பி வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "தனம், அவரு ஒரு தரம்தானே கண்ணை மூடினாரு? நீயும் பாத்தல்ல?"

நான் கொடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போய்விட்டேன். துணி அப்போது ஈரமாகத்தான் இருந்தது.

அவள் இப்போது மறுபடியும் பால்மரம் வெட்டுகிறாள். அந்தப் பெயர் அவளுக்கு முன்னாலேயே தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். மரத்திலாவது முழு வெட்டு வெட்டு என்று அங்கேயும் கேலி பேசுகிறார்களாம். தோட்டத்திலிருந்து என் வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை சொன்னாள்.

நீ சிங்கப்பூருக்குப் போனபோது எனக்காக ஒரு பழைய நுண்கணிதப் புத்தகம் வாங்கி வந்தாயே. "இதுல ஒரு வரி எனக்குப் புரிஞ்சா நான் டிரைவர் ஆயிடுவேன் டீச்சரம்மா" என்றாயே. நீ போன ஒரு மாதத்துக்கெல்லாம் அதைத் திறந்தேன். அழுகைக்கு மாற்றாகத்தான் திறந்தேன். கதைகள், கவிதைகள் எதைப் படித்தாலும் எல்லாவற்றிலும் யாராவது மூச்சு விட்டார்கள். எண்கள் மூச்சு விடாது என்று நினைத்தேன்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, உன் நெஞ்சுக்குள் இருந்த புண்ணுக்கு 'பு' என்று ஒரு எழுத்து வைத்தேன். தண்ணீரின் உயரத்துக்கு 'உ'. யோசித்தது இவ்வளவுதான். பலமான அமுக்கு ஒவ்வொன்றும் புண்ணைக் கொஞ்சம் கூட்டும். உடம்பு அதைக் கொஞ்சம் ஆற்றும். புண் கூடினால் நுரையீரல் வீங்கி விறைக்கும். விறைத்தால், அதே ஒரு இஞ்சுக்கு இன்னும் பலமாக அமுக்கவேண்டும். பலமாக அமுக்கினால் புண் கூடும். இந்த வட்டத்தை ஒரு சமன்பாடாக எழுதி, புண் மாறும் வேகத்தை அமுக்கின் உயரத்தோடு சேர்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு மாலை மாலையாகப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு எல்லை இருக்கிறது, அண்ணே. புண் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை உடம்பு ஆற்றுவதே ஜெயிக்கும். நாள் ஆக ஆகத் தானாகக் குறையும். எல்லையைத் தாண்டிவிட்டால் புண்ணே புண்ணை வளர்க்கும். அப்புறம் அன்பாக அமுக்கினாலும் ஒன்றுதான், கோபமாக அமுக்கினாலும் ஒன்றுதான்.

இது வெறும் காகிதமாகவே இருந்திருக்கலாம். ஆனால் கை மாறும்போதெல்லாம் எழுதிய முதல் அமுக்கல் இருந்ததே, அதை யார் முறைக்கு முன்னால், யார் முறைக்குப் பின்னால் என்று பிரித்துப் பார்த்தேன். அம்மாவின் முறைக்குப் பிறகு தண்ணீர் முன்னைவிட ஏறியிருந்தது. என் முறைக்குப் பிறகும் ஏறியிருந்தது. காதர் மாமா, மிஸ்ஸிகள், எல்லாருக்கும் அப்படித்தான். ஒரே ஒருத்தியின் முறைக்குப் பிறகு மட்டும், ஒவ்வொரு தடவையும், தண்ணீர் இறங்கியிருந்தது. அரைக் கோடு, சில சமயம் ஒரு கோடு. நாங்கள் செய்ததை எல்லாம் அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். நாலாம் நாள் மத்தியானம்வரை நீ எல்லைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தாய். சிவப்புக் கோடு போட்ட இடங்கள் மட்டும்தான் அந்த நோட்டில் சரியான விடைகள்.

உன் கண் சொன்னதை நான் நம்பவில்லை. அவள் வாய் சொன்னதை நம்பவில்லை. என் பென்சில் சொன்ன பிறகுதான் நம்பினேன். இதுதான் நான் படித்த படிப்பா?

ஒரு நாள், செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். சமன்பாட்டில் எங்கள் எல்லாருடைய கையையும் எடுத்துவிட்டு, எல்லா முறைக்கும் அண்ணியின் கையை வைத்தேன். வரைபடத்தில் புண்ணின் கோடு இறங்கியது. பத்தாம் நாள், பதினைந்தாம் நாள், இருபதாம் நாள். தசை திரும்பலாம் என்று டாக்டர் சொன்ன மூன்றாம் வாரமும் தாண்டிப் போனது. காகிதத்தின் ஓரம் வரைக்கும் போய், இடமில்லாமல் நின்றது. காகிதத்தில் நீ பிழைத்துவிட்டாய், அண்ணே. அந்தத் தாளை என்ன செய்வது என்று தெரியவில்லை. கிழிக்க முடியவில்லை. பார்க்கவும் முடியவில்லை.

போன மாதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். நோயாளிகள் எல்லாரும் போகும்வரை என்னை உட்கார வைத்து, பிறகு நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். மேசை மேல் டீ ஆறி ஆடை கட்டியது.

"ஒரு உடம்பை வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாதும்மா" என்றார். "நிமோனியா தானாகவும் வந்திருக்கலாம். ஒங்க அண்ணி முறையில தண்ணி எறங்கினதுக்கு வேற காரணம் இருக்கலாம்."

"இருக்கலாம் டாக்டர். என்ன காரணம்?"

அவர் நோட்டை மறுபடி புரட்டினார். அண்ணியின் பெயருக்கு நேரே இருந்த ஒரு சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "அந்த ஒரு இஞ்சு நான் சொன்னது" என்றார். கோட்டிலிருந்து விரலை எடுக்காமலே, "குறையக்கூடாதுன்னு சொன்னேன்ல?" என்று என்னையே கேட்டார். நான் பிரித்துப் போட்ட பட்டியலை அவர் கையாலேயே வேறு தாளில் எழுதிக்கொண்டார். இனி ஒருவர் அப்படி வந்தால் கை குறைத்து அமுக்கச் சொல்வேன் என்றார். அது நல்ல செய்திதான். ஆனால் எனக்குள்ளே எதுவும் அசையவில்லை. இனி வருகிறவர் என் அண்ணன் இல்லையே.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் இளைத்துவிட்டாள். தேங்காய்ப் பால் பிழிய உட்கார்ந்தால், பால் வடிந்து முடிந்த பிறகும் சக்கையைப் பிழிந்துகொண்டே இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"போதும்மா, பால் வந்திருச்சு."

"எங் கைக்கு மட்டும் அவன் நெஞ்சு எப்படி ஏறிச்சு தெரியுமாடி?" என்றாள். "நீயும் பாத்தல்ல? காதர் அண்ணன் கையைவிட எங் கைக்குத்தான் நல்லா ஏறிச்சு. அந்த ஒரு ஆறுதல்லதான் நான் சோறு திங்கிறேன். எம் புள்ளைக்கு நான் கொறையே வெக்கலடி."

நீயும் பார்த்தாய் அல்லவா என்று இரண்டு பெண்கள் என்னைக் கேட்டுவிட்டார்கள், அண்ணே. இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்லவில்லை. பார்த்தேன். இரண்டையும் பார்த்தேன். தண்ணீர் அதிகமாக ஏறியது அம்மாவின் முறைக்குப் பிறகுதான். அதற்கு அடுத்தது என் முறை.

நான் உண்மையைச் சொன்னால் அண்ணியின் பெயர் அழியும். அம்மா என்ன ஆவாள்? சொல்லாமல் விட்டால் அம்மா இப்படியே சக்கையைப் பிழிந்துகொண்டிருப்பாள். அண்ணி ஒவ்வொரு காலையும் அந்தப் பெயரோடு மரத்துக்குப் போவாள். பென்சில் எழுத்துதானே என்று ஒரு நாள் ரப்பரை எடுத்து, நோட்டில் இருந்த அ எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் த என்று எழுதப் பார்த்தேன். அம்மாவின் முறைகளும் என்னுடையதாகிவிட்டால் எல்லாம் எளிதாகிவிடும். மூன்று இடத்தில் அழித்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அந்த நோட்டை வைத்து ஒருத்தியைப் பற்றிப் பாதி உண்மை சொன்னது போதாதா? மூன்று இடத்திலும் மறுபடி அ என்று எழுதிவிட்டேன். காகிதம் அங்கே மெலிந்திருக்கிறது.

நீ இருந்தால் என்ன சொல்வாய்? ஏதாவது கேலி செய்வாய். கேலியில் வழி இருக்கும். எனக்குக் கேலி வராது. யாரிடமும் மனதைத் திறந்து பழக்கமும் இல்லை. அதனால்தான் இறந்துபோன உனக்கு எழுதுகிறேன், உயிரோடு இருக்கிறவர்கள் காதில் விழும்படி.

நாளை சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. உன் பஸ்ஸில் செங் போகிறேன். நீ போன பிறகு நான் அதில் ஏறவே இல்லை. புதிதாக வந்திருக்கும் கண்டக்டர் நிறைய விசில் அடிக்கிறான் என்கிறார்கள். மணி அதே மணியாகத்தான் இருக்கும். நோட்டை எடுத்துப் போவேன். ஆனால் முதலில் நோட்டைக் காட்டமாட்டேன். லயத்து வாசலில் நின்று, அவள் அன்று கேட்டதற்குப் பதில் சொல்வேன். ஆமாம் அண்ணி, ஒரு தரம்தான் மூடினார், நானும் பார்த்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டால், சாத்திய கதவிடம் சொல்வேன். மன்னிப்பு கேட்கமாட்டேன். கேட்டால் அவள் கொடுத்துவிடுவாள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது?

திரும்பி வந்து அம்மாவிடம் உட்காருவேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இந்தக் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டவேண்டும். ஒரே மூச்சில் படிக்கமாட்டேன், அண்ணே. இதை உனக்கு வாக்காகத் தருகிறேன். ஒரு நாளைக்குக் கொஞ்சம், அவளால் தாங்க முடிகிற அளவு. தாளை மட்டுமே பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் படிப்பேன். ஒரு தரம் கண்ணை மூடினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுவேன். இரண்டு தரம் மூடினால்தான் மேலே போவேன். எத்தனை நாள் ஆனாலும் சரி, எத்தனை மாதம் ஆனாலும் சரி.

அதுவரை இதை யாருக்கும் அனுப்பமாட்டேன். எப்போதாவது இது எங்கேயாவது அச்சில் வந்தால், கடைசி வரி வரைக்கும் அம்மா போகச் சொன்னாள் என்று நீ தெரிந்துகொள்.

உன் நெஞ்சை அமுக்கிய கைகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரி,
உன் தங்கச்சி தனம்,
காஜா பேராங், மலாக்கா.